சூப்பர் கெபாசிட்டருக்கு எந்தக் கரி: கிராஃபீனா, கொட்டாங்கச்சியா?

சூப்பர் கெபாசிட்டர் என்பது மின்முனையின் பரப்பில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து வேகமாகத் திருப்பித் தரும் சாதனம். அதனால் மின்முனைக் கரிக்குப் பரப்பு முக்கியம். கிராஃபீன், அதாவது ஒரே அணு தடிமனுள்ள கரித்தாள், விற்பவர்கள் எடுத்ததும் சொல்லும் எண், கிராமுக்கு 2630 சதுர மீட்டர் பரப்பு. தாள்கள் தனித்தனியாக நின்றால்தான் அந்தக் கணக்கு. தூளானதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2008-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஆய்வாளர் ராட்னி ரூஃபின் குழு வேதிமுறையில் மாற்றிய கிராஃபீனில் மின்முனை செய்தபோது கிடைத்த பரப்பு சுமார் 705 சதுர மீட்டர். நீர்க்கரைசலில் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன், கிராமுக்கு 135 ஃபாரட்.

மலிவாகச் செய்யக்கூடியது ஆக்சிஜன் நீக்கிய கிராஃபீன் ஆக்சைடு. கிராஃபைட்டைக் கந்தக அமிலத்தில் போட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்தபடி பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். கலவை கரும்பச்சையாகும். அவசரப்பட்டுச் சூடேறவிட்டால் வெடிக்கும் ஆபத்து உண்டு. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் பளிச்சென்று மஞ்சளாகும். இப்படிக் கிடைக்கும் ஆக்சைடில் மின்சாரம் ஓடாது. ஆக்சிஜனை நீக்கினால்தான் ஓடும். அதற்கு ஹைட்ரசீன் நன்றாக வேலை செய்யும், ஆனால் நச்சு. வைட்டமின் சி போதும் என்பேன். எதைக் கொண்டு நீக்கினாலும் கொஞ்சம் ஆக்சிஜனும் ஓட்டைகளும் மிஞ்சும். சென்சார், கடத்தும் மை போன்றவற்றுக்கு அது பரவாயில்லை.

நைட்ரஜன் ஏற்றிய கிராஃபீனில் ஃபாரட் எண் கூடும். ஆனால் எந்தக் கரைசலில் அளந்தார்கள் என்று பாருங்கள். ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரில் 1 வோல்ட் தாண்டுவதே சிரமம். நீருக்குப் பதில் கரிமக் கரைப்பான் சேர்த்த கரிமக் கரைசல் 2.7 வோல்ட் தாங்கும். அதே ஃபாரடுக்கு ஏழு மடங்கு ஆற்றல்!

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சேர்த்து 800 டிகிரியில் நுண்துளையிட்ட கிராஃபீன் ரகம்தான் என்னைக் கவர்ந்தது. 2011-இல் ரூஃபின் குழு இப்படிச் செய்து கிராமுக்கு 3100 சதுர மீட்டர் வரை காட்டியது. ஆனால் காரமும் உலையும் செலவு வைக்கும், தூளும் பஞ்சு மாதிரி, எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைக்கும்.

அப்புறம் கொட்டாங்கச்சிக் கரி. காங்கேயம் பக்கம் சுடுகிறார்களே, அந்தக் கரியை நீராவியில் துளையிட்டுச் சுத்திகரித்தால் கடையில் விற்கும் சூப்பர் கெபாசிட்டருக்கே போகும். கரிமக் கரைசலில் கிராமுக்கு 100 ஃபாரட் அளவில் தரும், இறுக்கமாக அடைபடும். டப்பாவின் கொள்ளளவுக்கு எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் பஞ்சுக் கிராஃபீனால் இதோடு போட்டியிடுவது கடினம், விலையிலும்தான். அதனால் என் தேர்வு கொட்டாங்கச்சிக் கரி. மின்சாரம் தடையின்றி ஓட, ஆக்சிஜன் நீக்கிய கிராஃபீனைக் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம். முழு மின்முனையும் கிராஃபீன்தான் வேண்டுமென்றால், துளையிட்ட ரகத்தை வாங்குமுன் அழுத்திய பிறகு அதன் அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள்.