தளி பக்கம் பொட்டிக் ஹோட்டலில் அறை எடுப்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் பொட்டிக் ஹோட்டல் (தனிப் பாணியில் அலங்கரித்த சிறிய ஹோட்டல்) தேடுபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். தை மாதத்தில் என் பெற்றோரை அப்படி ஓர் இடத்தில் தங்கவைத்தேன். ஓர் இரவுக்கு 6,800 ரூபாய்.

படத்தில் பார்த்த அறைதான் நேரிலும் இருந்தது, அதில் பொய் இல்லை. பூசாத செங்கல் சுவர், பித்தளைக் குழாய்கள், ஆத்தங்குடிக் கல் தரை, எல்லாம் அழகு. ஆனால் குளியலறைக்குக் கதவே இல்லை! கண்ணாடித் தடுப்பு மட்டும்தான், அதற்கும் திரை கிடையாது. அப்பாவை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அம்மா குளிக்கப் போனார். அந்த வயதில் அவருக்கு அப்படியொரு சங்கடம் தேவையா? கட்டிலோ தரையோடு தரையாகக் கிடந்தது. மூட்டுவலிக்காரரான அப்பாவை இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் காலை வெந்நீரும் வரவில்லை. வெயில் ஏறினால்தான் சோலாரில் சூடாகும் என்றார்கள். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துப் பக்கத்துச் சாதாரண லாட்ஜில்கூடக் கதவும் ஒரு வாளி வெந்நீரும் கிடைக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பில்லைப் பொறுக்க முடியாது. சேவைக் கட்டணம் என்று 680 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் அறைக்கு வரி 5 சதவீதம்தான். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதை எடுத்துச் சொன்னதும் மேலாளர் 680 ரூபாயைப் பில்லிலிருந்து நீக்கிவிட்டார். வரியில் மட்டும் அசையவில்லை, கம்ப்யூட்டர் போடும் கணக்கு என்றே சாதித்தார். வயதானவர்களை நிற்கவைத்து வாதாட மனமின்றிக் கட்டிவிட்டு, வெளியே வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் திரும்பாவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் போன் செய்து குளியலறைக் கதவு, கட்டில் உயரம், வெந்நீர் நேரம் மூன்றையும் கேளுங்கள். வரியோடு மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.