கேஸா, கரண்டா, கம்பளியா? லண்டன் குளிருக்கு ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டு கேஸ் மீட்டர் மாடிப்படிக்கு அடியில், பழைய ஷூக்களுக்கும் வாக்குவம் கிளீனருக்கும் நடுவே இருக்கிறது. போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மணிக்கு ஒருமுறை செல்போன் வெளிச்சத்தோடு அங்கே குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். "பில் வந்தா தெரிஞ்சிடப் போகுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்றாள் மனைவி. டிசம்பர் பில் வந்ததால்தான் இந்தக் கஷ்டமே.

ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு. நூறு வருடத்துக்கு மேலான, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. இந்த மாதிரிப் பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் திடச் சுவர்தான். இரட்டைச் சுவர் வீடாக இருந்தால் நடுவில் இருக்கும் இடைவெளியில் பஞ்சை அடைத்துக் குளிரைத் தடுக்கலாம், இங்கே அதற்கு வழியில்லை. உள்பக்கமோ வெளிப்பக்கமோ பலகை ஒட்ட வேண்டும், அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. அவர் செய்யப்போவதில்லை.

எனக்கு மூன்று ஆலோசனைகள் கிடைத்தன. அலுவலக நண்பர், கேஸில் தண்ணீரைச் சுட வைத்து எல்லா அறை ரேடியேட்டருக்கும் அனுப்பும் பாய்லரை அணைத்துவிட்டு, உட்காரும் அறையில் மட்டும் கரண்டில் ஓடும் ஆயில் ஹீட்டர் வைக்கச் சொன்னார். மைத்துனன், பாய்லரை அணைக்கவே கூடாது, நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடவிட வேண்டும் என்றான். பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளிலேயே இங்கே வந்துவிட்டவர். அவர் மட்டும் சுருக்கமாக, "ஒரு எலக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கிப் போடுங்கோ தம்பி, மற்றதெல்லாம் வீண் செலவு" என்றார். மூவருமே அடித்துச் சொன்னார்கள்.

முதலில் விலை. ஆஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை உச்சவரம்பை அறிவிக்கிறது. செய்தியில் ஆண்டுக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வதைக் கேட்டு, அதற்கு மேல் பில் வராது என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உச்சவரம்பு என்பது ஒரு யூனிட்டின் (ஒரு கிலோவாட் மணியின்) விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டியதுதான். இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளாக கேஸ் யூனிட் 6 பென்ஸை ஒட்டியும், மின்சார யூனிட் 26 பென்ஸை ஒட்டியும் ஏறி இறங்குகின்றன. பாதி விவாதம் இந்த இரண்டு எண்களிலேயே முடிந்துவிடுகிறது. பாய்லர் பத்தில் ஒரு பங்கு சூட்டைப் புகைபோக்கி வழியே விடுகிறது என்று வைத்தாலும், கேஸில் ஒரு யூனிட் சூட்டுக்கு 7 பென்ஸுக்குள்தான் ஆகிறது. கரண்டில் 26.

இதோடு ஆயில் ஹீட்டர் தோற்றுவிட்டதா? இல்லை. பாய்லர் வீடு முழுவதையும் சூடாக்குகிறது, ஆயில் ஹீட்டர் ஓர் அறையைத்தான். அதனால்தான் மீட்டர் முன் குனிய வேண்டியதாயிற்று.

எங்களுடையது கன மீட்டரில் காட்டும் மீட்டர், ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட். சில்லென்று கிடந்த வீட்டில் பாய்லரைப் போட்டதும் முதல் ஒரு மணி நேரத்தில் 0.9 கன மீட்டர் போனது, அதாவது 60 பென்ஸ். சுவரும் சாமான்களும் சூடான பிறகு மணிக்கு 0.45, சுமார் 30 பென்ஸ். மாலை ஐந்து மணி நேரத்துக்கு மொத்தம் 1 பவுண்டு 80 பென்ஸ். மறுநாள் பாய்லரை அணைத்துவிட்டு, 1,500 வாட் ஆயில் ஹீட்டரை ஹாலில் மட்டும் வைத்தோம். தெர்மோஸ்டாட் அணைந்து அணைந்து எரிந்தும், அதே ஐந்து மணி நேரத்துக்கு மின்மீட்டரில் ஐந்தரை யூனிட் கூடியிருந்தது. 1 பவுண்டு 43 பென்ஸ். ஆக ஓர் அறைக்குக் கொடுத்த காசு, முழு வீட்டுக்கு ஆனதில் முக்கால் பங்குக்கும் மேல். கழிவறைக்குப் போகும்போது ஸ்வெட்டரைத் தேட வேண்டியிருந்தது தனி.

மூன்றாம் நாள் வேறு மாதிரி செய்து பார்த்தோம். ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு திருகு இருக்குமே, பலர் அதைத் தொடுவதே இல்லை. படுக்கையறைகளில் அதை 1-க்குக் குறைத்துவிட்டு, ஹாலை மட்டும் 3-இல் வைத்தேன். 1 பவுண்டு 30 பென்ஸில் முடிந்தது. ஆயில் ஹீட்டரைவிட மலிவு, கழிவறையும் உறையவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: சுவரில் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் ரேடியேட்டரைக் குறைக்கக் கூடாது. அங்கே சூடு ஏறாதவரை பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தனியாக இருக்கிறீர்கள், ஓர் அறையில் ஒரு மணி நேரம்தான் உட்காரப்போகிறீர்கள் என்றால் நண்பர் சொன்னதுதான் சரி. சில்லிட்ட வீட்டை முதல் ஒரு மணி நேரம் கேஸில் சூடாக்க 60 பென்ஸ் ஆகும், ஆயில் ஹீட்டருக்கு முழு வேகத்திலும் 39-ஐத் தாண்டாது. இரண்டு பேர், இரண்டு அறை, இரண்டு மணி நேரம் என்று போனால் கேஸ்தான்.

ஹீட்டர் வாங்கும்போது ஆயிலா, ஃபேனா, செராமிக்கா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். சுவரில் செருகும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். "பாதிச் செலவில் முழு அறையும் சூடாகும்" என்று சமூக வலைத்தளத்தில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆயில் ஹீட்டர் சத்தமில்லாதது, அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஃபேன் ஹீட்டர் சட்டென்று சூடேற்றும், அணைத்ததும் சட்டென்று போய்விடும். எதுவானாலும் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள், நேரே சுவரில்தான்.

மைத்துனனின் இருபத்து நான்கு மணி நேரக் கொள்கை நம் ஊர் ஓட்டைக் குடக் கணக்கு. குடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக ஒழுகும். வீடும் வெளியே இருப்பதைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அந்த அளவுக்குச் சூட்டை இழக்கும். ஆளில்லாத பகலில் சூடாக வைத்தால் பகலெல்லாம் ஒழுகும். எங்கள் வீட்டைப் போன்ற ஒழுகல் வீட்டுக்கு டைமர்தான். நன்றாக மூடிய புதுக் கட்டடத்தில் வித்தியாசம் குறையும், அவன் இருப்பது அப்படிப்பட்ட ஃபிளாட். அவன் பில்லை வைத்து எனக்கு ஆலோசனை சொன்னான், அவ்வளவுதான்.

மூவருமே சொல்லாத ஒன்று பாய்லரின் முகப்பிலேயே இருந்தது. குழாய்க்கு வெந்நீரும் ரேடியேட்டருக்குச் சூடும் ஒன்றாகத் தரும் காம்பி பாய்லரில் இரண்டு படம் இருக்கும், ஒன்று குழாய், ஒன்று ரேடியேட்டர். ரேடியேட்டர் பக்கம் பெரும்பாலும் 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த பாய்லர்கள் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர வைத்து, அதில் இருக்கும் சூட்டையும் கறந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80-இல் அனுப்பினால் திரும்புவதும் கொதித்துக்கொண்டுதான் வரும், கறக்க முடியாது. நான் 60-க்குக் குறைத்தேன். வீடு சூடாகக் கால் மணி நேரம் கூடுதலாகிறது, ரேடியேட்டர் கையைச் சுடுவதில்லை. காசு செலவில்லாத மாற்றங்களில் இதற்கே என் ஓட்டு. வீட்டில் தனியாக வெந்நீர்த் தொட்டி இருந்தால் மட்டும் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். தொட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தொடாவிட்டால் லெஜியனெல்லா கிருமி வளரக்கூடும்.

சரி, அக்காவின் பிளாங்கெட். விலையில் அதை யாராலும் அசைக்க முடியாது. 100 வாட் பிளாங்கெட் மணிக்கு இரண்டரை பென்ஸ் சொச்சம். படுக்கப்போகும் முன் அரை மணி நேரம் போட்டால் ஒன்றரை பென்ஸ்கூட இல்லை. சோஃபாவில் போர்த்திக்கொள்ளும் வகையை மாலை முழுக்கப் போட்டாலும் 15 பென்ஸைத் தாண்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், வெந்நீர்ப் பை இலவசம் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்தால் நான்கு பென்ஸ் ஆகிறது, பிளாங்கெட் ஒன்றரை மணி நேரம் எரிவதற்கு ஆகும் காசு. இரண்டையும் ஒரே படுக்கையில் சேர்த்து வைக்கக் கூடாது. ரப்பர் பையின் மேல் ஒரு பூ வடிவ முத்திரை இருக்கும், அது தயாரித்த தேதி. இரண்டு வருடம் தாண்டியதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

ஆனால் அக்கா தனியாக இருக்கிறார், திடமாகவும் இருக்கிறார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தத் தீர்வு செல்லாது. குழந்தையின் படுக்கையில் பிளாங்கெட்டோ வெந்நீர்ப் பையோ வைக்கவே கூடாது, தூங்கும் அறைதான் 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 18-க்குக் கீழே போகக் கூடாது என்கிறார்கள். குளிர்ந்த காற்றை மூச்சிழுப்பது போர்வைக்கு வெளியேதானே.

அப்புறம், ஆளை மட்டும் சூடாக்கி வீட்டைக் குளிரவிட்டால் சுவர் பதிலுக்கு ஒரு பில் போடும். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழான எதில் பட்டாலும் வியர்த்துவிடும். எங்கள் வடக்குச் சுவர் அலமாரிக்குப் பின்னால் சுலபமாக அதற்குக் கீழே போகிறது. முதல் குளிர்காலத்தில் பட்டுப்புடவை இருந்த சூட்கேஸை இழுத்தால், அடியில் கறுப்புப் பூஞ்சை, உள்ளங்கை அகலத்துக்கு. 2020-இல் ரோச்டேலில் ஓர் இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சையால் இறந்து, அவன் பெயரிலேயே அவாப் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில், அதாவது கவுன்சிலும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளில், பூஞ்சைப் புகாரைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கவனித்தாக வேண்டும். எங்களைப் போன்ற தனியார் வாடகைக்காரர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

நம் சமையல் வேறு ஆவியில் நடக்கிறது. இட்லிப் பானை, புட்டுக் குழல், சோறு வடிப்பது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைப் பத்து நிமிடம் திறப்பது, சூட்டோடு சேர்ந்து ஆவியையும் அனுப்பிவிடும் பழைய வழி. துணிதான் பெரிய பிரச்சினை. ஒரு முறை துவைத்த துணி உலர்வதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீராவது வீட்டுக்குள் கலக்கும். ரேடியேட்டர் மேல் போட்டால் அது அப்படியே சுவருக்குப் போகிறது. சூடேறும் துணிக்கொடி 250 வாட்டில் துணியை உலர்த்தும், ஈரத்தை வீட்டிலேயே விட்டுவிடும். டிஹ்யூமிடிஃபையரும் ஏறக்குறைய அதே கரண்டுதான், ஆனால் தண்ணீரை டப்பாவில் பிடித்துக் கையில் கொடுக்கிறது, ஆவி தண்ணீராகும்போது வெளிவரும் சூடும் அறையிலேயே தங்குகிறது. நாங்கள் வாங்கிய ஒரே புதுச் சாமான் இதுதான். கம்ப்ரஸர் வகை சில்லென்ற அறையில் சுணங்கும், அதனால் துணி காயும் அறைக் கதவைச் சாத்தி 15 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்புக்கு அரசு 7,500 பவுண்டு தருகிறது, ஆனால் கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர். கரண்ட் கேஸைவிட நான்கு மடங்குக்கு மேல் விற்கும்வரை, ஒரு யூனிட்டுக்கு நான்கு யூனிட் சூடு எடுத்தால்தான் பில் குறையும். ஹேர் டிரையரால் இறுக்கி ஒட்டும் ஜன்னல் பிளாஸ்டிக் தாள் பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. கதவடியில் வைக்க அப்பாவின் பழைய வேட்டியைச் சுருட்டித் தைத்தாயிற்று. காற்றோட்டத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள், கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் கொல்லும்.

பணம் கட்ட முடியாத நிலை வந்தால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். சப்ளையரைக் கூப்பிட்டால், கட்டக்கூடிய தவணைக்கு வழி செய்ய வேண்டியது அவர்கள் கடமை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் உண்டு.

நண்பர் பேச்சைக் கேட்டு வாங்கிய ஆயில் ஹீட்டர் இப்போது மாடிப்படிக்கு அடியில், கேஸ் மீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. விற்றுவிடலாம் என்றாள் மனைவி. பிப்ரவரியில் அம்மா வருகிறார், அவருக்கு ஒதுக்கிய பின்னறையில் ரேடியேட்டர் கிடையாது. அதுவரை இருக்கட்டும் என்றேன்.