ஏழரையா, ஒன்பதா? கிளே சுடுபவருக்கு எந்தத் தோட்டா

கிளே என்பது காற்றில் பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் ஆட்டம். அதற்குப் பன்னெண்டு போர் (குழலின் விட்ட அளவு) துப்பாக்கியோடு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறவர் முன்னால் வழக்கமாக நாலு வகைத் தோட்டா வந்து நிற்கும். 24 கிராம் ஏழரை நம்பர், 24 கிராம் ஒன்பது நம்பர், கொஞ்சம் கனத்த 28 கிராம், அப்புறம் வீட்டுப் பழைய துப்பாக்கிக்கென்று வாங்கி வைத்த வேட்டைத் தோட்டா. கிராம் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் ரவை எனும் சின்னக் குண்டுகளின் மொத்த எடை, நம்பர் என்பது அவற்றின் பருமன். மெடல் கனவு இல்லாமல் ஆசைக்குச் சுடுகிறவருக்கு நான் சொல்வது முதலாவதைத்தான். மற்ற மூன்றும் எங்கே தேறுகின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. தட்டு நமக்குக் குறுக்கே பறக்கும் ஸ்கீட்டில் தட்டுக்கு ஒரு தோட்டாதான், 25-ல் முடிந்துவிடும். தட்டு நம்மை விட்டு விலகி ஓடும் ட்ராப்பில் முதல் குண்டு தவறினால் இரண்டாவது சுடலாம். அதனால் ஒரு ரவுண்டு 25-ல் தொடங்கி 50 வரை விழுங்கும். புதிதாக வருகிறவர் 50-க்குப் பக்கத்தில்தான் இருப்பார். ஆயுத உரிமத்தில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று வரம்பு எழுதியிருப்பார்கள். அது 200 என்று வைத்துக்கொண்டால், ட்ராப்பில் நாலு ரவுண்டிலேயே காலியாகிவிடலாம். கிளப் துப்பாக்கியில், கிளப் தோட்டாவில் சுடுகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அங்கே எது இருக்கிறதோ அதுதான்.

24 கிராமா, 28 கிராமா

28-ல் ரவை அதிகம், ஆகவே தட்டு உடையும் வாய்ப்பும் அதிகம் என்பது கடையில் சொல்லும் வாதம். பொய்யில்லை. ஏழரை நம்பரில் 24 கிராமுக்குச் சுமார் 300 ரவை வரும், 28 கிராமுக்கு இன்னும் 50 கூடும். அந்த ஐம்பதுக்கு விலை தோளில் கொடுக்க வேண்டும். ஒரே துப்பாக்கி, ஒரே வேகம் என்றால் 28-லிருந்து 24-க்கு இறங்கும்போது உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட கால்வாசி குறைகிறது. முதல் பத்துத் தட்டில் இது தெரியாது. இரண்டாவது ரவுண்டின் பாதியில் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு விலகத் தொடங்கும், ட்ரிக்கரை இழுக்கும்போது கண் தானாக மூடும். சென்னை வெயிலில் ஜாக்கெட் போட மனசு வராமல் டீ-ஷர்ட்டோடு நிற்கிறவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். உதைக்குப் பயந்த சுடுதலை 50 ரவை காப்பாற்றாது.

சர்வதேசப் போட்டி விதியும் 24 கிராம்தான், ரவையின் விட்டம் 2.6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் ஆடியதும் இந்த வரம்புக்குள்தான். அவர்களுக்குப் போதுமானது நமக்குப் போதாது என்றால் குறை தோட்டாவில் இருக்க வழியில்லை.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடும் வேகத்துக்கும் இதே பதில். நொடிக்கு 400 மீட்டரா 420-ஆ என்பதால் முன்பிடி (ஓடும் தட்டுக்கு எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்பது) சில சென்டிமீட்டர் மாறும். ரவைக் கூட்டத்தின் அகலமே அதைவிடப் பல மடங்கு. உதை மட்டும் நிச்சயமாகக் கூடும்.

ஏழரை, எட்டு, ஒன்பது

உண்மையான தேர்வு இங்கேதான். நம்பர் ஏற ஏற ரவை சிறிதாகும். ஏழரை சுமார் 2.4 மில்லிமீட்டர், ஒன்பது சுமார் 2. அதே 24 கிராமில் ஒன்பது நம்பர் போட்டால் ரவை 500-ஐத் தொடும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது, சின்ன ரவை காற்றில் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஸ்கீட்டில் தட்டு 20 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் உடைகிறது, அங்கே ஒன்பதுதான் ராஜா. ட்ராப்பில் தட்டு வீசும் எந்திரம் நமக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் இருக்கிறது. தட்டு அங்கிருந்து ஓடி, நாம் சுடும்போது 35 மீட்டரில் இருக்கும், இரண்டாவது குண்டுக்கு 40-ஐத் தாண்டிவிடும். அதுவும் நமக்குக் காட்டுவது 11 சென்டிமீட்டர் முகத்தை இல்லை, இரண்டரை சென்டிமீட்டர் உயர விளிம்பை. தட்டில் கெட்டியான இடமும் அந்த விளிம்புதான். ஒன்பது நம்பர் அங்கே போய்ப் பட்டுப் பொடி மட்டும் பறக்கும், தட்டு உடையாமல் போய்க்கொண்டே இருக்கும். துண்டு பிரிந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் நடுவர் கணக்கில் அது மிஸ்.

எட்டு இரண்டுக்கும் நடுவில். இரண்டு ஆட்டமும் கலந்து ஆடுகிறவருக்கு நல்ல சமாதானம், கிடைத்தால் வாங்குங்கள். ஒரே ஒரு பெட்டிதான் என்றால் நான் ஏழரை. ஏழரையை அகலமான சோக்கில் (ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும் பேரல் வாய்) போட்டு ஸ்கீட்டைச் சமாளிக்கலாம், ஒன்பதை எந்தச் சோக்கில் போட்டாலும் ட்ராப்பின் இரண்டாவது குண்டுக்கு அது எட்டாது. இன்னொன்று, நாட்டுக்கு நாடு நம்பர் அளவு கொஞ்சம் மாறும். பெட்டியில் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

வாதம் பேசுவதைவிட ஒரு சார்ட் பேப்பர் போதும். ரேஞ்சில் அனுமதி வாங்கி 35 மீட்டரில் நிறுத்தி நடுவில் ஒரு குண்டு சுடுங்கள். அடர்த்தியான இடத்தை நடுவாக வைத்து 75 சென்டிமீட்டர் வட்டம் போடுங்கள். பழைய அட்டையில் 11 சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டி, அதை அந்த ஓட்டைகள் மேல் நகர்த்திப் பாருங்கள். அட்டைக்கு அடியில் ஒன்றோ இரண்டோ ஓட்டை மட்டும் இருக்கும் இடமெல்லாம் தட்டு தப்பிக்கும் இடம். இரண்டு பிராண்டை ஒரே பேரலில் இப்படிச் சுட்டால் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

உள்நாடா, இறக்குமதியா

உள்நாட்டில் தெரிந்த பெயர் புனேயின் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான். 2021-லிருந்து அந்தத் தொழிற்சாலை மத்திய அரசு நிறுவனமான முனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வருகிறது. இறக்குமதியில் இத்தாலியின் பியோக்கி, இங்கிலாந்தின் ஈலி மாதிரிப் பெயர்கள். கிளேவுக்கென்றே செய்யும் தோட்டாக்களில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்து ரவையைக் கடினமாக்குகிறார்கள். கடினமான ரவை பேரலுக்குள் நசுங்காது, நசுங்காத ரவை நேராகப் போகும். கூடுதல் விலையில் ஒரு பகுதி இதற்குத்தான். அருகில் சுடும் ஸ்கீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ட்ராப்பில் தெரியும்.

நாலாவது வகையான வேட்டைத் தோட்டாவை எல்.ஜி., எஸ்.ஜி. (பெரிய குண்டு போட்டவை) என்று எழுதியிருந்தால் ரேஞ்சுக்கே எடுத்துப் போகாதீர்கள். ஏழரை ரவை ஏறக்குறைய 200 மீட்டரில் தரையில் விழுந்துவிடும், ரேஞ்சின் பின்வெளியை அந்தக் கணக்கில்தான் விடுகிறார்கள். 9 மில்லிமீட்டர் எல்.ஜி. குண்டு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகும். அங்கே யாரோ மாடு மேய்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்டீல் ரவை நமக்கு இப்போதைக்குத் தேவையில்லை. ஈயத்தைவிட லேசு, பழைய பேரலுக்கும் இறுக்கமான சோக்குக்கும் ஆகாது. ஈயம் சுட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் போண்டாவில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தாத்தா துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்களில் பல 70. பெட்டியில் போடும் அந்த அளவு, சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால் 65 சேம்பரில் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். சேம்பரை ஒரு கன்ஸ்மித் அளந்து சொல்லட்டும். இருபது போரும் பன்னெண்டு போரும் ஒரே மேசையில் இருந்தால் பைகளைப் பிரித்து வையுங்கள். இருபது போர் தோட்டா சன்னம், பன்னெண்டு போர் பேரலுக்குள் நழுவிப் போய் நடுவில் நிற்கும். சேம்பர் காலி என்று நினைத்து மேலே இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும்.

வாங்குவதை மொத்தமாக, ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) வாங்குவது நல்லது. ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் அடிப்பக்கப் பித்தளை பச்சை பூக்கும், இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள். மே மாதத்தில் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூடேறிய தோட்டாவில் அழுத்தமும் உதையும் கூடும், 24 கிராம் வாங்கியதே வீணாகிவிடும்.