பச்சைத் தக்காளியா, வெள்ளைத் தக்காளியா?

சென்னை மொட்டை மாடியில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால், நான் பச்சைக்கே ஓட்டுப் போடுவேன். பச்சை என்றால் காய் அல்ல. புது ரகங்களை உருவாக்கும் அமெரிக்காவின் டாம் வாக்னர் 1983இல் வெளியிட்ட 'கிரீன் ஸீப்ரா' என்ற கோடு போட்ட ரகம் பழுத்த பிறகும் பச்சைதான். எப்போது பறிப்பது என்பதுதான் தலைவலி: கோடுகளுக்கு நடுவே மஞ்சள் படர வேண்டும், அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். சுள்ளென்ற புளிப்பு, பின்னாலேயே கொஞ்சம் இனிப்பு. தொக்குக்கு அருமை. ரசத்தில் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். நிறத்தைப் பார்த்து வீட்டில் முகம் சுளித்தால் நான் பொறுப்பல்ல.

வெள்ளை ரகமான 'கிரேட் ஒயிட்' உண்மையில் யானைத் தந்தத்தின் நிறம். நேர் வெயில் பட்டால் மஞ்சளாகும், இலை நிழலில் வெளுப்பாக இருக்கும். சதைப்பற்றான பெரிய பழம், நாக்குக்குப் புளிப்பே தெரியாது. தயிர்ப் பச்சடிக்குச் சரி, சாம்பாரில் போட்டால் இருக்கும் இடம் தெரியாது.

இரண்டுக்குமே நம்மூர் வெக்கை ஆகாது. இரவிலும் சூடு தணியாவிட்டால் பூ உதிரும். டிசம்பர், ஜனவரியில் பூக்கும்படி விதைக்கலாம். அப்புறம், நாற்று சின்னதாக இருக்கும்போதே ஐப்பசி அடைமழை வரும், தொட்டியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வெள்ளை விளைய இன்னும் சில நாள் கூடுதலாகும்.