வலது பக்கம் வீல் வச்ச செகண்ட் ஹேண்ட் லேத்து: பீச்சாங்கைக்காரன் ஓட்டிப் பாத்த கதை

தண்டையார்பேட்டைல பட்டறை, காசிமேடு போட்டுங்களுக்கு ஷாஃப்ட், அது உள்ள சுத்துற கன்மெட்டல் புஷ் (வெண்கல உருளை), இதெல்லாம் லேத்துல கடைஞ்சு குடுக்கறதுதான் டெய்லி வேலை. பழைய லேத்து பெட்டு (அடித்தளம்) தேஞ்சு போச்சுன்னு நாலு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆறடி எடுத்தேன். இதுல கேரேஜ (டூல சுமந்து பெட்டு மேல போற பாகம்) நகத்துற ஹேண்ட்வீல் அதோட முன்பலகை ஏப்ரன்ல வலது பக்கம் இருக்கு, நான் ஓட்டுன மத்த மிஷினெல்லாம் இடது பக்கம்தான். வித்தவர்கிட்ட கேட்டதுக்கு "எல்லாம் ஒன்னுதாண்ணே, ரெண்டு நாள்ல பழகிடும்"னாரு.

எங்க ஒன்னு? பழசுல வீல வலஞ்சுழியா சுத்துனா கேரேஜ் வலது கோடில இருக்கற டெயில்ஸ்டாக் பக்கம் போகும், இதுல நேரா இடது பக்கம் வேலைய புடிச்சு சுத்துற சக்குக்குப் போகுது. உள்ள ஒரு கியர் கூடக்குறைய இருந்தா திசை மாறத்தான் செய்யும், அத ஒரு வார்த்த சொல்லித் தர வேணாமா? மொத வாரமே காலர் புஷ்ல (ஒரு ஓரம் தடிச்ச புஷ்) ஸ்டெப் வரைக்கும் கட் போட்டுட்டு டூல வெளிய எடுக்கறதா நெனச்சு உள்ள விட்டேன், புஷ்ஷும் போச்சு டூல் மூக்கும் போச்சு.

ஆனா நான் பீச்சாங்கை. இடது வீல்தான் எனக்குத் தோதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். உல்டா! கேரேஜ் சுத்த பெரிய கைப்பக்குவம் வேணாம், சைஸ் புடிக்கறது டூல குறுக்க உள்ள தள்ளுற கிராஸ் ஸ்லைடுல, என் டயல்ல ஒரு கோடு 0.05 மி.மீ., விட்டத்துல 0.1 குறையும். இப்ப கேரேஜ் வலது கைக்குப் போயிடுச்சு, கிராஸ் ஸ்லைடு என் நல்ல கைக்கு வந்துடுச்சு, அரைக்கோடு தள்ளுனாலும் விரல்ல தெரியுது. முன்ன இரும்பு ஷாஃப்ட் ஓட்டுனா நீலமா கொதிக்கக் கொதிக்க வர்ற சுருள் இடது மணிக்கட்டுலதான் வந்து விழும், இப்ப அந்த சூடு இல்ல.

ஃபைல் (அரம்) போடறதுல மட்டும் எந்த லேத்தா இருந்தாலும் நம்ம பீச்சாங்கை ஆளுங்கதான் கெத்து. கைப்பிடிய இடது கைல புடிச்சா கை சுத்துற சக்குக்கு மேல போகாது, எனக்கு வேலை கத்துக்குடுத்தவரு வலது கைக்காரர், அவரே அப்படித்தான் புடிப்பாரு.

பெரிய குறை சுவிட்ச். வீல இந்தப் பக்கம் வச்சவன் ஸ்டார்ட் ஸ்டாப்ப சக்கு இருக்கற இடது கோடி ஹெட்ஸ்டாக்லயே விட்டுட்டான், அவசரத்துக்கு சக்கத் தாண்டி கை நீட்டணும். எலக்ட்ரீஷியன் தம்பிய வச்சு டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு சிவப்பு பட்டன் போட்டேன், எல்லாம் சேத்து 1,200 ரூவா. ஹெல்பர் பையன் இன்னும் திசை மாத்தி சுத்துறான், அவனுக்காக வீலுக்குப் பக்கத்துல மஞ்ச பெயிண்ட்ல அம்புக்குறி போட்டு வச்சிருக்கேன், நானும் அதப் பாத்துட்டுத்தான் சுத்துறேன்.