மே தினக் கிராம சபை: எங்கள் தலைவர் அறிக்கைக்கு என் மார்க்

இந்த மே 1 கிராம சபையில் எங்கள் ஊராட்சித் தலைவர் வாசித்த அறிக்கைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மார்க் எதில் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கூட்டம் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் காலை 11 மணிக்கு. கோயில் மண்டபத்தில் இதைவிட நல்ல நிழல் உண்டு. ஆனால் மதம் சார்ந்த இடத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்பது விதி. நல்ல விதி. எல்லாத் தெரு ஆட்களும் தயங்காமல் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் மூவாயிரம் பேருக்கு மேல் இருப்பதால் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்து நோட்டு சீக்கிரமே நிறைந்துவிட்டது, பாதிக்கு மேல் பெண்கள்.

தலைவர் எனக்கு மதினி முறை, அண்ணன் மனைவி. 2021 அக்டோபர் தேர்தலில் ஜெயித்து வந்த புதிதில் மைக் அண்ணன் கையில்தான் இருக்கும். இப்போது மதினியே பிடிக்கிறார். படிவம் 30, அதாவது வரவு செலவுக் கணக்கை, பிளக்ஸில் அடித்துக் கட்டியிருந்தார்கள். பிளக்ஸ் எல்லா ஊரிலும் உண்டு. மதினி ஒவ்வொரு வரியாக வாசித்து நிறுத்தி, "கேக்கணும்னா கேளுங்க" என்று காத்திருந்ததுதான் பெரிய விஷயம். மோட்டார் ரிப்பேர் செலவு வந்ததும் முன்வரிசை ஆச்சி ஒருத்தி, "ஏட்டி, போன வருசமும் இதே மோட்டாருதானே?" என்றாள். மதினி சமாளிக்கவில்லை. டேங்க் ஆபரேட்டரை எழுப்பிவிட்டார். லோ வோல்டேஜில் காயில் எரிந்ததையும், கட்டின காயில் மறுபடி போனதையும் அவர் சொன்னார். ஆச்சி கேட்டுவிட்டு, "அப்ப கரண்டு ஆபீசுக்குல்லா எழுதணும்" என்றாள். அது அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

சாலை, தெருவிளக்கு எல்லாம் வழக்கம்போல. மேலத்தெருக் கடைசி வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறவில்லை என்பதை மதினியே ஒத்துக்கொண்டார்.

குளத்து விஷயத்தில்தான் மதினிக்கு முழு மார்க். ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் தூர்வார வேண்டும் என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். "அது நீர்வளத் துறைக் குளம். நாம கை வைக்க முடியாது, ஆனா தீர்மானம் போட்டு அனுப்பலாம். வண்டல் வேணும்னா தாசில்தாருக்கு மனுக் கொடுங்க, வயலுக்கும் மண்பாண்டத்துக்கும் காசு கிடையாது" என்று பிரித்துச் சொன்னார். எது நம்முடையது, எது துறையுடையது, துறையுடையதற்கு நாம் எப்படி முட்ட வேண்டும்: இவ்வளவு தெளிவாக எங்கள் ஊரில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் பண்பாடு. பத்தமடைப் பாய், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் என்று பெருமையாக இரண்டு வரி. இரண்டும் பக்கத்து ஊர்ப் பெருமை. எங்கள் ஊரிலேயே கணியான் கூத்து, அதாவது கோயில் கொடைத் திருவிழாக்களில் சாமி கதையைப் பாடி ஆடும் கூத்து, ஆடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. சித்திரைக் கொடையில் சுடலைமாடன் கோயில் முன்னால் வைக்கோல் கொளுத்தி, மகுடம் என்கிற தோல் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தோலை அனலில் காட்டுவது, விரலால் தட்டிப் பார்ப்பது, மறுபடி காட்டுவது. ஓங்கி ஒலிக்கும் உச்சமும் தணிந்து ஒலிக்கும் மந்தமும் தனித்தனியாகக் கேட்கிற வரை முன்பாட்டுக்காரரான அண்ணாவி வாய் திறக்க மாட்டார். முன்பு விடிய விடிய நடந்த கூத்துக்கு இப்போது கொடைக் கமிட்டிகள் ஒதுக்குவது ரெண்டு மூணு மணி நேரம்தான். மீதி நேரம் செண்டை மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும்.

பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணாவித் தாத்தா எழுந்து, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் எங்கள் பையன்களைச் சேர்க்க ஊரிலேயே ஒரு முகாம் போட முடியுமா என்று கேட்டார். 2007இல் தொடங்கிய வாரியம். 18 வயதிலிருந்து 60 வரைதான் சேர முடியும். தாத்தாவுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அவர் கேட்டது பேரன்களுக்காக. மேசையிலிருந்து வந்த பதில், "அது கலை பண்பாட்டுத் துறை பாக்கிறது." மதினியும் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு மார்க் போனது இங்கேதான். எனக்கு மனசு ஆறவே இல்லை. குளமும்தான் வேறு துறை. அதற்குத் தீர்மானம் போட முடிந்தால் கூத்துக்கு ஏன் முடியாது? துறையின் மண்டல அலுவலகம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. ஒரு தீர்மானம், ஆடுகிறவர்கள் பெயர்ப் பட்டியல், ஒரு கடிதம், முகாமுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை. ஊராட்சிக்கு இதில் பெரிய செலவு ஒன்றுமில்லை.

கூட்டம் முடிந்ததும் இதை மதினியிடமே சொன்னேன். "நீ எழுதிக் கொண்டா, ஆகஸ்டு பதினஞ்சுக்கு மொதப் பொருளா வைக்கேன்" என்றார். தாத்தா வீட்டுத் திண்ணையில் பட்டியல் தயாராகிறது. மகுடம் அடிக்கிறவர்கள், பின்பாட்டுக்காரர்கள், பெண் வேடம் கட்டி ஆடுகிறவர்கள் என்று ஆள் ஆளாகக் கேட்டு, ஆதார் நகலும் வயதுச் சான்றும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து ஊராட்சிகளில் கூத்துக்காரர்கள் இருந்தால் அங்கேயும் அதே தேதிக்கு இதே தீர்மானத்தை வையுங்கள். நாலு ஊரிலிருந்து கடிதம் போனால் முகாம் போடுவது துறைக்கும் சுலபம்.