ஐந்தரை மணி வகுப்பா, மூன்று விசில் நேரமா?

போன வருஷம் ரத்த அழுத்தம் 140-ஐத் தொட்டது. டாக்டர் மருந்து எழுதவில்லை. "உப்பைக் குறைங்க, யோகா மாதிரி ஏதாவது செய்யுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். அந்த 'ஏதாவது'தான் சிக்கல். யோகா என்று வாயைத் திறந்தால் நம்மூரில் பத்துப் பேர் பத்து வழி காட்டுவார்கள்.

எனக்கு வங்கியில் கவுன்டர் வேலை. காலையில் மூன்று டிபன் பாக்ஸ், பிறகு குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயில், திரும்பி வந்தால் மறுநாளைக்கு மாவு அரைப்பது. இதற்கு நடுவில், மனசை அமைதிப்படுத்தும் ஐந்து வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன். ஓய்வான நாளில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வேலை கழுத்தை நெரிக்கும் நாளிலும் கைகொடுக்கிறதா என்பதை வைத்துத்தான் எடை போட்டேன்.

முதலில் வகுப்பு. தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தின் மாடியில், காலை ஐந்தரைக்கு, ஒரு மணி நேரம். சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, குனிந்து, நிமிர்ந்து, முறுக்கி, கடைசியில் சவாசனம். உடம்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கூன் விழுந்த மார்புக்கூட்டிடம் 'ஆழமாக மூச்சு எடு' என்றால் அது எங்கிருந்து எடுக்கும்? முதல் வாரம் புஜங்காசனத்தில் தலையைத் தூக்கியபோது விலாவில் சுருக்கென்று பிடித்தது. பத்து நாளில் அது விட்டபோதுதான், இத்தனை வருஷம் பாதி நுரையீரலில் காலம் தள்ளியிருக்கிறோம் என்று பட்டது.

ஆனால் மனசு? ஐந்தரைக்குப் போக நாலேகாலுக்கு எழ வேண்டும். சவாசனத்தில் படுத்துக்கொண்டு, சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்று யோசிப்பேன். "மூச்சைக் கவனிங்கம்மா" என்பார் மாஸ்டர். நான் கவனித்தது சுவர்க் கடிகாரத்தை. மார்ச் வந்து ஆண்டுக் கணக்கு முடிப்பு தொடங்கியதும் வகுப்பு நின்றது. அதாவது, எப்போது ரொம்பத் தேவையோ அப்போதுதான் அது நின்றுபோயிற்று.

(வகுப்பு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி இருக்கிறது. கைப்பயிற்சியில் ஆரம்பித்து உடல் தளர்த்தலில் முடியும். என் அத்தை ஆழியாறு போய்க் கற்றுவந்து, இன்றைக்கும் விடாமல் செய்கிறார். அத்தைக்குப் பணிஓய்வு ஆகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.)

அடுத்தது நாடி சுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது மூக்கை மூடி இடதில் இழுப்பது. மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுவது. பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கைக்கு ஒரு வேலை இருக்கிறது. சும்மா கண்ணை மூடினால் ஓடிவிடும் மனசு, 'இப்போது எந்தப் பக்கம்' என்ற கணக்கில் கட்டுண்டு கிடக்கிறது. பத்துச் சுற்றில் தோள் தானாகக் கீழே இறங்கும்.

இதற்கு நம்மிடம் பெரிய கணக்கே உண்டு. திருமூலர் சொல்வது இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை. மாத்திரை என்பது பழைய கால அளவு. அதை ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது. சித்தருக்குச் சரி. ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் மூச்சை அடக்கும் வேலையே வேண்டாம் என்று மாஸ்டரும் சொன்னார், டாக்டரும் சொன்னார். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, அவ்வளவுதான். அப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20 வரை. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்துப் பார்த்ததில், ஜெபமாலை சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் மூச்சு இதே ஆறுக்குத்தான் இறங்கியிருக்கிறது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சமன் செய்யும் அனிச்சைச் செயலும் மேம்பட்டிருக்கிறது. எங்கள் பாட்டி சாயங்காலம் சகஸ்ரநாமம் சொல்லி முடித்துவிட்டு ஏன் அவ்வளவு சாந்தமாகப் பேசுவாள் என்பதற்கு இது காரணமாக இருந்தாலும் இருக்கும்.

குறைகளும் உண்டு. சளி பிடித்தால் கடையை மூட வேண்டியதுதான். ரயிலில் ஒருநாள் செய்து பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும், எதிர் சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்த மீன் கூடைக்காரியை முறைத்தார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அந்த இடத்தில்தான் இரட்டைப் பெருமூச்சு ஜெயிக்கிறது. அழுது ஓய்ந்த குழந்தை தூங்கும்போது விசும்பி விசும்பி மூச்சு இழுக்குமே, அதேதான். மூக்கால் நிறைய இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சை ஏற்றி, வாய் வழியாக நிதானமாக விடுவது. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மெல்ல இறக்குகிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் இதையும், ஒரே அளவு எண்ணி இழுத்து, அடக்கி, விட்டு, மறுபடி அடக்கும் பெட்டி மூச்சையும், வேகமூச்சையும், தியானத்தையும் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யவைத்தார்கள். மனநிலை அதிகம் தேறியது பெருமூச்சு விட்டவர்களுக்குத்தான். 'பொழுது போகலையா, பெருமூச்சு விடறே' என்று அம்மா திட்டியது நினைவுக்கு வந்தது.

நான் அடுப்படியில் செய்கிறேன். குக்கரை ஏற்றியதிலிருந்து மூன்று விசில் வரும் வரை. கவுன்டரில், பாஸ்புக்கில் என்ட்ரி விழவில்லை என்று ஒருவர் சத்தம் போடும்போது, பிரிண்டர் ஓடும் நேரத்தில் மூன்று. யாருக்கும் தெரியாது. பாய் வேண்டாம், வெறும் வயிறு வேண்டாம். விடாமல் அடுத்தடுத்துச் செய்தால் தலை லேசாகச் சுற்றும், அதனால் இடையிடையே சாதாரணமாக மூச்சு விட வேண்டும். நாடி சுத்தி தருகிற ஆழம் இதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சூடு தணிகிறது. அடியில் கிடப்பது அப்படியேதான் கிடக்கிறது.

பிராமரி, அதாவது காதை மூடிக்கொண்டு வண்டுபோல ரீங்கரிப்பது, சுகத்தில் எல்லாவற்றையும்விட ஒரு படி மேல். மண்டைக்குள் வீணையை மீட்டுவது போல இருக்கும். ரீங்கரிக்கும்போது மூக்கில், ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு பதினைந்து மடங்கு கூடுவதாக ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2002-இல் அளந்தார்கள். அமைதிக்கு அது காரணமா தெரியவில்லை. ரீங்காரம் நீளும் வரை மூச்சும் நீண்டுதானே ஆக வேண்டும், எனக்கு அதுவே போதுமான காரணமாகப் படுகிறது. ஆனால் இரண்டு அறை வீட்டில் எங்கே போய் ரீங்கரிப்பது? "அம்மா, மிக்ஸி ஓடுது" என்று பையன் ஓடிவந்தான்.

யோக நித்திரையைப் பற்றி நான் பேசத் தகுதியில்லை. பீகாரின் முங்கேரில் யோகா பள்ளி வைத்திருந்த சுவாமி சத்யானந்தர் வகுத்த முறை, குரலைக் கேட்டபடி வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடம்பு முழுக்க மனசை நடத்திச் செல்ல வேண்டும், தூங்கக் கூடாது. நான் ஒருநாளும் இடது காலுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. தூக்கம் வராதவர்களுக்கு அமிர்தம். எனக்குத் தூங்கத்தான் நேரமில்லை.

வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைச் சேர்க்கவே இல்லை. அது சோம்பலை விரட்டுவதற்கு, அமைதிக்கு அல்ல. ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருப்பவர்கள் தொடவும் கூடாது.

இப்போது ஓடுவது இப்படி: குக்கர் நேரத்தில் பெருமூச்சு, படுக்கும் முன் நாடி சுத்தி பத்துச் சுற்று, சனி ஞாயிறு மட்டும் மண்டபத்து மாடி. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. உப்பையும் குறைத்ததால், பாராட்டை யாருக்குக் கொடுப்பது என்று டாக்டருக்கே சந்தேகம். பிராமரி, பையன் கிரிக்கெட்டுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு.